கேரட் கடிக்கும் துப்பறிவாளரும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

துப்பறியும் தொடர் என்றாலே வெறும் பொழுதுபோக்கு, அதிலும் சிரிப்புத் துப்பறியும் தொடர் என்றால் சுத்தக் கேலிக்கூத்து என்று நம்மில் பெரியவர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறோம். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தால், "படிக்கிற நேரத்தில் இது என்ன?" என்று அதட்டுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு மனிதரை எப்படி எடைபோட வேண்டும் என்பதை, நல்ல சிரிப்புத் துப்பறியும் தொடர் சொல்லித் தருவதுபோல் நீதி போதனை வகுப்புகூடச் சொல்லித் தராது என்பது என் கருத்து.

தூர்தர்ஷன் ஒன்றே கதி என்றிருந்த காலம் நம் சங்கத்தின் மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். 1985-ல் 'கரம்சந்த்' என்ற இந்தித் தொடர் வந்தது. பங்கஜ் பராசர் இயக்கம். துப்பறிவாளராக நடித்தவர் பங்கஜ் கபூர். கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு கேரட். கொலை விசாரணையின்போதும் அதைக் கடித்துக்கொண்டே இருப்பார். அவருடைய உதவியாளர் கிட்டியாக வந்தவர் சுஷ்மிதா முகர்ஜி. மட்டாஞ்சேரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி என்று நாலு வீட்டுக்கு நாலு மொழி. டி.வி. இருந்த வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடுவோம். எங்களில் பலருக்கு இந்தி வசனம் பாதிகூடப் புரியாது. ஆனாலும் கேரட்டைக் கண்டதும் கூடமே சிரிக்கும். கொலையாளி யார் என்று நாலு மொழியிலும் பந்தயம் நடக்கும்.

வசனம் புரியாமலே நம்மை இழுத்தது எது? மர்மம்தான் என்று சொல்லத் தோன்றும். அது முழு உண்மை அல்ல. அமெரிக்காவில் 1971-ல் 'கொலம்போ' என்ற தொடர் தொடங்கியது. இது இலங்கையில் உள்ள ஊர் அல்ல; துப்பறியும் போலீஸ்காரர் ஒருவரின் பெயர். பீட்டர் ஃபாக் நடித்தார். அதில் பெரும்பாலும் கொலையாளி யார் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். பிறகு மர்மம் ஏது? கசங்கிய மழைக்கோட்டு போட்ட அந்த மனிதரைப் பார்த்து, பணமும் படிப்பும் உள்ள கொலைகாரர்கள் 'இவன் என்ன செய்துவிடப் போகிறான்?' என்று அலட்சியமாகப் பேச்சை விடுவார்கள். அந்த அலட்சியமே அவர்களைக் காட்டிக் கொடுக்கும். பார்ப்பவர்கள் காத்திருப்பது அந்தக் கணத்துக்காகத்தான். ஆக, ஈர்ப்பு மர்மத்தில் இல்லை. எல்லோரும் அசட்டை செய்த ஒருவருக்குக் கடைசியில் கிடைக்கிற மரியாதையில் இருக்கிறது.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் வண்டி ஸ்டேஷனில் நின்றதும், கேரேஜ் பிரிவு ஊழியர் ஒருவர் நீண்ட கைப்பிடிச் சுத்தியலுடன் வந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவார். ஜன்னலோரப் பயணிகளுக்கு அது வேடிக்கை. 'இதற்கும் ஒரு சம்பளமா?' என்று பேசிக்கொள்வார்கள். ஆனால் நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும்; விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். அந்த வித்தியாசம் அவர் காதுக்கு மட்டுமே தெரியும். சிரித்த பயணிகளின் உயிர் அந்தக் காதை நம்பி இருந்தது.

2002 முதல் 2009 வரை அமெரிக்காவில் 125 பகுதிகளாக வந்த 'மங்க்' தொடரும் இதே வழிதான். டோனி ஷலூப் நடித்த அந்தத் துப்பறிவாளருக்குக் கிருமி என்றால் பயம், உயரம் என்றால் பயம், பால் என்றால்கூடப் பயம். யாரிடமாவது கை குலுக்கினால் உடனே துடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருள் கோணலாக இருந்தால் நேராக்காமல் நகர மாட்டார். அதனால்தான், கொலை நடந்த அறையில் இடம் மாறிய பொருள் அவர் கண்ணில் மட்டும் படுகிறது.

"இது மனநோய் ஆயிற்றே, இதைப் பார்த்துச் சிரிக்கலாமா?" என்று சிலர் கேட்பது நியாயம். நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். அந்த மனிதர் படும் வேதனையையும் கதை காட்டுகிறதா? 'மங்க்' காட்டுகிறது. மனைவியைக் கார் குண்டில் பறிகொடுத்த துக்கம் தொடர் முழுவதும் அவருடன் வருகிறது. இதே அளவுகோலில் 'கரம்சந்த்' ஓர் இடத்தில் தவறுகிறது. கிட்டி வாயைத் திறந்து பாராட்டினாலே அவளை அதட்டி அடக்குவார். கடைசியில் அவருக்கு மரியாதை கிடைக்கும், கிட்டிக்குக் கிடைக்காது. இதை என் மனைவி அன்றே சொன்னாள்.

நம் தமிழில் இதற்கு நேர் எதிரான ஒருவர் இருக்கிறார். ஆனந்த விகடனில் தேவன் படைத்த துப்பறியும் சாம்பு. பிறகு சின்னத்திரையில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தார். சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா; அசடு. அவர் தடுக்கி விழுந்தாலும் அங்கே ஒரு திருடன் அகப்படுவான். இன்ஸ்பெக்டர் கோபாலனோ அதையெல்லாம் மகா புத்திசாலித்தனம் என்று எடுத்துக்கொள்வார். கரம்சந்த் வெளியே கோமாளி, உள்ளே கெட்டிக்காரர். சாம்பு உள்ளே அசடு, வெளியே பெரும் புகழ். முன்னவர் 'யாரையும் இளப்பமாக நினைக்காதே' என்கிறார். பின்னவர் 'பெயரைக் கண்டு மயங்காதே' என்கிறார். இரண்டு பாடமும் பிள்ளைகளுக்கு வேண்டும்.

வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். பேச்சு வழக்கை வைத்து 'பாண்டி' என்று கேலி செய்யப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த வலி தெரிந்த நாமே, நம் வீட்டில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிற பிள்ளையை 'அசமந்தம்' என்று சொல்லி, விருந்தாளி வந்தால் உள்ளறைக்கு அனுப்பிவிடுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படி ஒரு பையன். யாரிடமும் பேச மாட்டான்; செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பான். கூடத்து மின்விசிறியின் சத்தம் மாறிவிட்டது என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு வேறு வேலையாக வந்த எலக்ட்ரீஷியன் பார்த்தபோது, விசிறியைத் தாங்கும் போல்ட் கழலும் நிலையில் இருந்தது. அதன் கீழேதான் பாட்டி தினமும் படுப்பது வழக்கம்.

இப்போது ஆளுக்கொரு கைப்பேசி வந்துவிட்டது. தனித்தனியே பார்க்கிறோம், தனித்தனியே சிரிக்கிறோம். வாரம் ஒரு நாளாவது இத்தகைய தொடர் ஒன்றைக் குடும்பத்தோடு பாருங்கள். முடிந்ததும் பிள்ளைகளிடம், 'கொலையாளி யார்?' என்பதோடு 'இதில் யாரை நீ முதலில் உதவாக்கரை என்று நினைத்தாய்? ஏன்?' என்றும் கேளுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குச் சாம்பு கதைகளை நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள். உள்ளறையில் இருக்கும் பிள்ளையையும் கூடத்துக்கு அழைத்து, உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.