தாயின் ரத்தத்துக்கு இனக் கணக்கு எதற்கு?

இந்தியர்களின் ரத்தசோகையை அளக்க இந்திய அளவுகோல்தான் வேண்டும் என்ற குரல் சில ஆண்டுகளாக உரத்துக் கேட்கிறது. ஆரோக்கியமான இந்தியச் சிறாருக்குப் பொருந்தும் ஹீமோகுளோபின் வரம்பு, உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருப்பதைவிட டெசிலிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் குறைவு என்று 2021இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆராயப்பட்டவர்கள் 1 முதல் 19 வயது வரையிலானவர்கள். அந்த வாதத்தை அப்படியே கர்ப்பிணிகளுக்கும் நீட்டப் பார்க்கிறார்கள் சிலர். நம் பெண்களின் உடல்வாகே வேறாம்.

இந்தப் பாதையில் அமெரிக்கா முன்பே போய்த் திரும்பிவிட்டது. கறுப்பினத்தவருக்கு வரம்பை 0.8 கிராம் குறைக்கலாம் என்று அங்குள்ள மருத்துவக் கழகம் 1993இல் பரிந்துரைத்தது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மருந்து தரவேண்டிய அதே அளவு, கறுப்பினப் பெண்ணுக்கு ‘இயல்பு’ ஆனது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டுதலிலிருந்து இதை நீக்க 2021 ஆகிவிட்டது.

கர்ப்பத்தில் ரத்தம் நீர்ப்பது நோயல்ல. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஏறக்குறைய 1.1 லிட்டர், அதாவது 45 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் அந்த வேகத்தில் அல்ல. பருப்பைக் கூட்டிப் போட்டு, தண்ணீரை அதைவிடத் தாராளமாக ஊற்றிய சாம்பார் மாதிரிதான். ஒரு கரண்டியில் பருப்பு குறைவாகத் தெரியும், பானையில் குறைந்திருக்காது.

இந்த நீர்ப்பு இனத்துக்கு இனம் வேறுபடுகிறதா? பிளாஸ்மாவை நேரடியாக அளக்க சாயத்தை ஊசியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளிடம் பெரிய அளவில் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் பிலிப் ஸ்டீயரும் குழுவினரும் 1995இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்ட ஆய்வை நான் யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் வடமேற்கு தேம்ஸ் வட்டாரத்தில் 1988 முதல் 1991 வரை 1,53,602 கர்ப்பங்கள். அவற்றில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களுடையவை. கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 8.5 முதல் 9.5 வரை இறங்கிய தாய்மார்களின் குழந்தைகளே சராசரியில் அதிக எடையோடு பிறந்தன. எடைக் குறைவும் குறைப்பிரசவமும் மிகக் குறைவாக இருந்தது 9.5 முதல் 10.5 வரை இறங்கியவர்களிடம். 10.5க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் ஆபத்து கூடியது. வெள்ளையர், ஆப்பிரிக்க-கரீபியர், நம்மவர் என எல்லோரிடமும் இதே போக்கு. சில இனங்களில் எடைக் குறைவான குழந்தைகள் அதிகம் பிறந்தது உண்மை. ஆனால், அது ஹீமோகுளோபினின் எல்லா அளவுகளிலும் இருந்தது. ரத்தசோகை அதற்கு விளக்கமாகவில்லை.

அப்படியானால் அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? சிலியின் சாந்தியாகோவில் பெத்ரோ ரோஸ்ஸோ குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடை குறைந்த கர்ப்பிணிகளுக்கு பிளாஸ்மா போதிய அளவு பெருகவில்லை. காரணம் இனமல்ல, ஊட்டமாக இருக்கலாம். தட்டில் சோறு இல்லாததை ‘இனம்’ என்று எழுதிக்கொண்டால் அரசுக்குச் செலவு மிச்சம். தனி அளவுகோல் கேட்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இந்தச் சிக்கனத்துக்குத்தான் துணைபோகிறார்கள். மரபணு என்று இழுப்பார்கள். தலசீமியாவுக்கும் சிக்கிள் செல்லுக்கும் பரிசோதனை இருக்கிறது, செய்து பார்க்கட்டும். பூர்விகம் விசாரிப்பது பரிசோதனை ஆகாது.

நம் கணக்கும் யோக்கியமானதல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்றது, தமிழ்நாட்டில் 48.3. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம். மூன்றாம் மாதமோ ஆறாம் மாதமோ, எல்லோருக்கும் 11 என்ற ஒரே கோடு. உலகச் சுகாதார நிறுவனமே 2024இல் கர்ப்பத்தின் இரண்டாம் பருவத்துக்கு வரம்பை 10.5 ஆக்கிவிட்டது, இனத்துக்கென்று தனித் திருத்தம் எதுவும் தராமல். ஆகவே, அந்த 48.3இல் கணிசமான பங்கு இயற்கையின் வேலை என்றே சொல்வேன். 7க்குக் கீழே போனவர்களின் ஆபத்து நிஜமானது. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆனால், எட்டாம் மாதத்தில் 13 இருந்தால் ‘நல்ல ரத்தம்மா உனக்கு’ என்று பாராட்டி அனுப்புகிறோமே, அங்கேதான் கோளாறு. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றும் பெண்களிடம் பிளாஸ்மா பெருக்கம் குறைவு என்பது தெரிந்த சேதி.

பருவவாரியாகத் திருத்திக் கணக்கிடும்வரை எந்த அமைச்சரும் இந்தச் சதவீதங்களை மேடையில் சொல்லக் கூடாது. தாய்-சேய் அட்டையில் ஹீமோகுளோபின் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனையாவது வாரம் என்று எழுதட்டும். முதல் மாதங்களில் இருந்த அளவு ஆறாம் மாதத்திலும் இறங்காமல் நின்றால், அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் முன் ரத்த அழுத்தத்தை இன்னொரு முறை பார்க்கட்டும். இந்திய அளவுகோல் தேடும் வேலையைக் கைவிட்டு, அந்தப் பணத்தில் கர்ப்பிணிகளுக்கு முட்டை வாங்கலாம்.