மதில்களுக்கு நடுவே வளரும் மாநகரம்

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி, 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. நேற்றுவரை வயலும் ஏரிக்கரையுமாக இருந்த ஊர்களில் மனைக்கற்கள் நடப்படுகின்றன. எவ்வளவு தூரம் நகரம் பரவுகிறது என்று கவலைப்படும் அரசு, அங்கே போடப்படும் தெருக்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதையும் கேட்க வேண்டும்.

அண்ணா நகரில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவில் திரும்பிப் போய்விடலாம். அவென்யூக்களும் மெயின் ரோடுகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்படி திட்டமிடப்பட்ட பகுதி அது. பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி எழுந்த குடியிருப்புகள் பலவற்றில் இதற்கு வழியில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி வாசலோடு பிரதான சாலையையே நம்பி நிற்கிறது. பக்கத்துக் குடியிருப்புக்கும் அதற்கும் இடையே மதில். அந்தச் சாலையைக் கிழக்குக் கடற்கரைச் சாலையோடு இணைக்கும் வழிகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். குறுக்கே பக்கிங்ஹாம் கால்வாய் கிடக்கிறது.

மதிலுக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்குக்கூட வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே பேருந்து நுழைந்து வெளியேற வழியில்லை. மழைக்காலத்தில் ஒரே வாசலில் வெள்ளம் நின்றால் ஆம்புலன்ஸும் நின்றுவிடும்.

அமெரிக்கா இந்தத் தவறைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு. முட்டுச் சந்துகளால் ஆன புறநகர்களை அது பல பத்தாண்டுகள் கட்டியது. அங்கே தெருக்களின் இணைப்பு 1994 வாக்கில் மிகத் தாழ்ந்த நிலையைத் தொட்டு, பிறகு மேம்படத் தொடங்கியதாக பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள். 2009-இல் வர்ஜீனியா மாநிலம், அக்கம்பக்கத்தோடு இணையாத புதுக் குடியிருப்புகளின் தெருக்களைப் பராமரிக்க ஏற்க முடியாது என்று விதி வகுத்தது. விதி பின்னர் சற்றுத் தளர்த்தப்பட்டாலும், அரசின் கையில் உள்ள பிடி எது என்பதை அது காட்டிவிட்டது.

அந்தப் பிடி இங்கும் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே அதன் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானமாக ஒப்படைக்கப்படுகின்றன. பக்கத்து நிலத்தின் எல்லைவரை சாலை நீள வேண்டும், அடுத்த மனைப்பிரிவு அதைத் தொடர வேண்டும், பெரிய வளாகங்களின் ஊடே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பொதுவழி வேண்டும் என்று அப்போதே நிபந்தனை விதிக்கலாம்.

வழி திறந்தால் அமைதி கெடும், பாதுகாப்பு குறையும் என்று குடியிருப்போர் அஞ்சுவது நியாயமே. அதற்குத் தெருவைக் குறுக்கலாம், வேகத்தடை போடலாம், ஆட்கள் மட்டும் செல்லும் திறப்பு வைக்கலாம். மதில் எழுப்பி ஊரையே சுற்றவைப்பது தீர்வாகாது. சில மனைகள் குறையும் என்பது மனை விற்போரின் கணக்கு. அதற்காகப் பல தலைமுறைகளின் வழியை அடைக்க முடியாது.

கட்டடத்தை இடித்துக் கட்டலாம். இருபுறமும் வீடுகள் எழுந்த பிறகு ஒரு தெருவைத் திறப்பதற்கு நில ஆர்ஜிதம், இழப்பீடு, நீதிமன்றம் என ஆண்டுகள் ஓடும். மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்துவரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), தெரு இணைப்பை விருப்பமாக விடாமல் கட்டாய விதியாக அதில் எழுத வேண்டும். அதுவரை காத்திராமல், இன்று மேசைக்கு வரும் மனைப்பிரிவு வரைபடங்களிலேயே அதைத் தொடங்க வேண்டும்.