கரண்ட் கம்பியில் பிளக் அண்ட் பிளே இல்லை

கம்ப்யூட்டர் வாங்கிய சில நாட்களிலேயே பிளக் அண்ட் பிளே என்ற சொல் நமக்குப் பழகி விடுகிறது. மவுஸைச் செருகினால் உடனே வேலை செய்கிறது. பென் டிரைவைச் செருகினால் உடனே திரையில் தெரிகிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் மின் தொகுப்பில் இந்த வசதி கிடையாது. புதிய சோலார் நிலையத்தையோ காற்றாலையையோ அதில் இணைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். இதற்குத் தொழில்நுட்பத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது; நாம் வகுத்த விதிகளுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

அமெரிக்காவை எடுத்துக் கொள்வோம். அங்கு இணைப்பு கேட்டு வரிசையில் நிற்கும் திட்டங்களை லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடம் கணக்கெடுத்து வருகிறது. 2023 இறுதியில் இப்படிக் காத்திருந்தவற்றின் மொத்தத் திறன் சுமார் 2,600 கிகாவாட். (ஒரு கிகாவாட் என்பது 1,000 மெகாவாட்.) அந்த நாட்டில் அப்போது இயங்கிய எல்லா மின் நிலையங்களின் திறனைப் போல இது இரண்டு மடங்கு! 2008ல் முடிந்த திட்டங்களுக்கு விண்ணப்பத்திலிருந்து மின் உற்பத்தி வரை பொதுவாக இரண்டு ஆண்டுகள் கூட ஆகவில்லை. 2023ல் முடிந்தவற்றுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. 2000 முதல் 2018 வரை விண்ணப்பித்த திட்டங்களில் 2023 இறுதிக்குள் கட்டி முடிக்கப்பட்டவை 19 சதவீதம்தான்.

ஏன் இந்தத் தாமதம்? உங்கள் கம்ப்யூட்டரில் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்துவதாக வைத்துக் கொள்ளுங்கள். ஸ்லாட் காலியாக இருந்தால் மட்டும் போதாது. எஸ்.எம்.பி.எஸ். அந்தச் சுமையைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். மின் தொகுப்பிலும் அப்படித்தான். புதிய நிலையம் வந்தால் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் தாங்குமா, எங்காவது ஷார்ட் சர்க்யூட் ஆனால் பிரேக்கர்கள் சமாளிக்குமா என்றெல்லாம் ஆய்வு செய்தாக வேண்டும். இந்த ஆய்வு அவசியம்தான். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

சிக்கல் செலவில்தான் தொடங்குகிறது. வரிசையில் பத்துத் திட்டங்கள் இருக்கின்றன. முதல் ஒன்பதைக் கம்பி தாங்கிவிடும், பத்தாவதைத் தாங்காது. உடனே கம்பியைப் பலப்படுத்தும் செலவு முழுவதும் பத்தாமவர் தலையில் விழும். அவர் பயந்து விலகினால் கணக்கு மாறிவிடும். பின்னால் இருப்பவர்களுக்கு மறுபடியும் ஆய்வு செய்ய வேண்டும். செலவு எங்கே குறைவு என்று தெரிந்து கொள்வதற்காகவே ஒரே நிறுவனம் பல இடங்களில் விண்ணப்பம் போட்டு வைப்பதும் உண்டு. பிரிண்ட் க்யூவில் முதல் பைல் சிக்கிக் கொண்டால் பின்னால் உள்ள பைல்கள் எல்லாம் நிற்குமே, அதே கதைதான்.

ஜூலை 2023ல் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இந்த விதியை மாற்றியது. முதலில் வந்தவருக்கு முதலில் என்பது போய், முதலில் தயாரானவருக்கு முதலில் என்றானது. திட்டங்களைத் தனித்தனியாக அல்லாமல் குழுவாக ஆய்வு செய்கிறார்கள். பலப்படுத்தும் செலவைக் குழுவில் உள்ளவர்கள் பங்கிட்டுக் கொள்கிறார்கள். நிலம் கையில் இருப்பதைக் காட்ட வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும். இது நல்ல மாற்றம்தான். ஆனால் வரிசையைச் சீர்படுத்துவதால் மட்டும் புதிய கம்பி முளைத்து விடாது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் டெக்சாஸ் மாநிலம். மேற்குப் பகுதியில் காற்று அதிகம், ஆனால் நகரங்கள் கிழக்கே இருக்கின்றன. 2008ல் அந்த மாநில ஆணையம் காற்றாலைகள் வரும் முன்பே கம்பிகளைப் போட முடிவு செய்தது. சுமார் 3,600 மைல் நீளம், கிட்டத்தட்ட 700 கோடி டாலர் செலவு. செலவை மின் நுகர்வோர் எல்லோரும் பகிர்ந்து கொண்டார்கள். 2014 தொடக்கத்தில் பணி முடிந்தது. 2009ல் அங்கு காற்று மின்சாரத்தில் சுமார் 17 சதவீதம், கொண்டு செல்ல வழியின்றி வீணானது. 2014ல் இது ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தது. பின்னர் மேலும் பல நிலையங்கள் வந்து அந்தக் கம்பிகளிலும் நெரிசல் ஏற்பட்டது உண்மைதான். பஸ் நிலையம் கூட்டத்தால் நிரம்புகிறது என்பதற்காக அதைக் கட்டியதே தவறு என்று சொல்வோமா?

"யாரோ லாபம் பார்க்க நாம் ஏன் கம்பிக்குப் பணம் தர வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கம்பி போட்ட பிறகு யாரும் வராவிட்டால் நஷ்டம் நம்முடையதே. அதனால் தயாராக இருக்கும் திட்டங்கள் எவை, செலவு எவ்வளவு என்பதை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஆனால் கம்பி இல்லாமல் மலிவான மின்சாரம் வெளியே காத்திருந்தால், அதற்கும் நாம்தான் மின் கட்டணத்தில் விலை கொடுக்கிறோம்.

நம் நாட்டிலும் சின்ன அளவில் இந்த வழி நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2024ல் திருத்தப்பட்ட மத்திய அரசு விதிகளின்படி, வீட்டு மாடியில் 10 கிலோவாட் வரை சோலார் அமைக்கத் தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. 5 கிலோவாட் வரை, கம்பியையோ டிரான்ஸ்பார்மரையோ பலப்படுத்த வேண்டி வந்தால் மின் வினியோக நிறுவனமே தன் செலவில் செய்ய வேண்டும். வீட்டு மாடிக்குச் சரி என்று ஏற்றுக் கொண்ட இந்த முறையைப் பெரிய நிலையங்களுக்கும் தகுந்தபடி விரிவாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அடுத்த முறை பென் டிரைவைச் செருகும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்த போர்ட்டை யாரோ முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் செருக வந்த பிறகு அதற்காக மதர்போர்டை மாற்றவில்லை.