களத்துத் தூசியும் கூலியாளின் மூச்சும்

ஒரு ஏக்கர் நெல் அறுக்க எத்தனை ஆள், கட்டுச் சுமக்க எத்தனை ஆள் என்று கணக்குப் பார்க்காத விவசாயி இல்லை. அந்த ஆள் நேற்றிரவு உறங்கினாரா, மூச்சு ஒழுங்காக விட்டாரா என்பது மட்டும் எந்தச் சாகுபடிக் கணக்கிலும் ஏறுவதில்லை. உழவு மாட்டுக்குக் காய்ச்சல் கண்டால் அன்று ஏர் பூட்டாதவர்கள்கூட, இளைப்புக்காரப் பெண்ணைப் பொலி தூற்ற நிறுத்திவிடுகின்றனர்.

பொலியிலிருந்து எழும் தூசி வெறும் மண்ணன்று. நெல்லின் சுணை, பதர்த் துகள், பூசண வித்துக்கள், சேமிப்பு உண்ணிகளின் கழிவு யாவும் அதில் கலந்துள்ளன. ஆஸ்துமா உள்ளவருக்கு இவை பட்டவுடன் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. தானியம் சலிப்போரும் அளப்போரும் மூச்சிளைப்பால் அவதியுறுவதை இத்தாலிய மருத்துவர் ராமஸினி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில் வருவதால் பனிக்காற்றும் தூசியும் ஒருசேரத் தாக்குகின்றன. அறுவடை இயந்திரம் வந்தபின் தூசி ஒழியவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றும் இயந்திரத்தருகே நிற்கும் சுமைப்பணியாளரைக் கேட்டால் தெரியும்.

ஈரத்தோடு போர் போட்ட வைக்கோல் வேறொரு தொல்லை. பூசணம் பிடித்த வைக்கோலைப் பிரித்த 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், மூச்சுத்திணறல் வந்தால் அது ஆஸ்துமா அல்ல. 'விவசாயி நுரையீரல்' எனப்படும் நோயாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் வைக்கோல் பிரித்த செய்தியையும் சொல்ல வேண்டும்.

உடல் நோயோடு இது நிற்பதில்லை. ஆஸ்துமா பெரும்பாலும் பின்னிரவில்தான் முற்றுகிறது. விடியும்வரை உட்கார்ந்தே கழித்தவர் காலையில் களத்துக்கு வந்துவிடுவார், வராவிட்டால் கூலியில்லை. வந்து நிற்பவரெல்லாம் முழு வேலை செய்யக்கூடியவர் அல்லர். மொத்தக் கூலி பேசி வேலை எடுத்த குழுவில் கை தளர்ந்தவரைப் பார்த்து முணுமுணுப்பு எழுகிறது. சோம்பேறி என்ற பெயர் வருகிறது. அடுத்த நடவுக்குச் சொல்லியனுப்பமாட்டார்களோ என்ற கவலை பிடிக்கிறது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. வேகமான மூச்சு நெஞ்சிறுக்கத்தைக் கூட்டுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களிடம் மனப்பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட மிகுதி. சோர்ந்த மனமோ அன்றாட மருந்தைத் தவறவிடுகிறது. இன்ஹேலரை மடியில் மறைத்து வைக்கும் இளம்பெண்கள் பலர். 'பழகிவிடும்' என்ற பேச்சும் அவர்களைத் தடுக்கிறது. மருந்து மிகச் சிறிய அளவில் நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்வதால் மாத்திரையைவிட இதில் பக்கவிளைவு குறைவு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அறுவடை நெருக்கடியில் ஆள் பார்த்து வேலை பிரிக்க முடியுமா என்று நிலக்காரர் கேட்பார். ஆள் கிடைக்காத காலம் என்பதால்தான் பிரிக்க வேண்டும். நன்றாக நடவு நடும் பெண்ணை இரண்டு நாள் தூற்றவிட்டுப் பத்து நாள் படுக்கவைப்பது என்ன சிக்கனம்? அவரை நாற்றுக்கோ களைக்கோ அனுப்பலாம். தூற்றுவோரைக் காற்று வரும் திசையில் நிறுத்தலாம். முண்டாசுத் துணி பெருந்தூசியைத்தான் தடுக்கும். நுண்தூசிக்கு என்-95 முகக்கவசம் தேவை. ஆர்கனோ பாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் மூச்சுக்குழாயை இறுக்குபவை. இளைப்புக்காரரிடம் தெளிப்பானைக் கொடுக்கவே கூடாது.

வேளாண் விரிவாக்கத்தாரும் இதில் குற்றமற்றவர் அல்லர். இயந்திரச் செயல்விளக்கத்தில் மணிக்கு எத்தனை ஏக்கர், எத்தனை லிட்டர் டீசல், எவ்வளவு நெல் சேதாரம் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஓட்டுநரும் மூட்டை பிடிப்பவரும் எவ்வளவு தூசி உண்கிறார்கள் என்று சொல்வதில்லை. பரிந்துரைத் தொகுப்பில் உரத்துக்கு ஒரு பக்கம் உண்டு. மூச்சுக்கு ஒரு வரியாவது வேண்டும்.

இரவில் இளைப்பு வருவோர், அறுவடை தொடங்கும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தினமும் எடுக்கும் மருந்தையும் அவசர மருந்தையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும். மனம் ஓய்ந்துபோனவர்களுக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. களத்தில் தண்ணீர்க்குடத்தின் அருகே இன்ஹேலரை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொள்ள நிலக்காரரே முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னால் குழுவில் யாரும் சிரிக்கமாட்டார்கள்.