வெயிலுக்காக வருகிறேன் என்பவர்களுக்கு

பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் புதுச்சேரிக்காரர்கள் விடுமுறைக்கு வந்தால் எல்லோரும் அவர்களிடம் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "அந்தக் குளிர்ல ஏன் கெடந்து கஷ்டப்படறீங்க? பென்ஷன் யூரோவுல வருது, செலவு ரூபாயில. வெயில் சும்மா கெடைக்குது. மூட்டை கட்டிக்கிட்டு வந்துடுங்க." சொல்பவர் மைத்துனராக இருப்பார், இல்லாவிட்டால் கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கிற பழைய சிநேகிதராக இருப்பார். சில சமயம் லாசுப்பேட்டைப் பக்கம் மனை வைத்திருப்பவராகவும் இருப்பார்.

இந்த விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. வரவே கூடாது என்பதல்ல என் வாதம். வெயிலை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு, அங்கே இருக்கிற ஜாகையைக் காலி செய்துவிட்டு, எழுபது வயதுக்கு மேல் ஒரேயடியாக வராதீர்கள் என்கிறேன். குளிர் மாதங்களுக்கு வாருங்கள், இருங்கள், திரும்பிப் போங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பிரஞ்சில் படித்ததால், எங்கள் தெருவிலும் அடுத்த நான்கு தெருக்களிலும் பிரான்சிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் உறையைப் பிரிக்காமல் என்னிடம் எடுத்து வருவார்கள். படித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுத்து, அதில் கையெழுத்து எங்கே போடுவது என்று காட்டியே இருபது வருடம் ஓடிவிட்டது. வந்தவர்களின் கதை என்ன ஆயிற்று என்பது அந்தக் கடிதங்களில் இருக்கிறது.

இளைய தலைமுறைக்குத் தெரியாது என்பதால் ஒரு வார்த்தை. 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பிரஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்தா குடும்பங்கள் பல எழுதிக் கொடுத்தன. பயந்தவர்களும், கவனிக்காதவர்களும், எங்கள் தகப்பனாரைப் போல "எதுக்கு வம்பு" என்றவர்களும் கொடுக்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கிய இரண்டு பேரில் ஒருவன் பாரீசு புறநகரில் தொழிற்சாலைக்குப் போனான், இன்னொருவன் இங்கே கோப்பு கட்டினான். தொழிற்சாலைக்குப் போனவன்தான் போன மார்கழியில் எனக்குத் தொலைபேசி செய்து, "குளிர் தாங்கலடா, வந்துடலாமான்னு இருக்கு" என்றான்.

முதலில் வெயிலையே எடுத்துக்கொள்வோம். அவன் நினைவில் இருக்கிற வெயில் பதினைந்து வயதுப் பையன் அடித்த வெயில். வேப்ப மரமும் ஓட்டு வீடும் இருந்த காலத்து வெயில். இப்போது அவன் தம்பி கட்டியிருக்கும் மூன்று மாடி வீட்டில், மேல் மாடி அறையைத்தான் "உங்களுக்குன்னே வெச்சிருக்கோம்" என்று கொடுப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் அந்த அறையின் தளம் இரவு இரண்டு மணிக்கும் கையை வைத்தால் சுடும். வெளியே நாற்பது டிகிரி, மேலே கடலோரத்து ஈரம். வேர்வை வழியும், உலராது. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வந்தால் உண்டு, வராத நாளில் இல்லை. வயதானால் தாகம் குறைவாகத்தான் தெரியும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் வற்றுவது இன்னும் சீக்கிரம். வெயில் கிழவர்களுக்கு நல்லது என்பவர்கள் 2003 ஆகஸ்டை நினைத்துப் பார்க்கட்டும். அந்த வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அது குளிர் நாடுதான்.

மழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் பெய்தது. கரண்டு இல்லாத இருட்டில், முழங்கால் தண்ணீரில் எழுபத்தைந்து வயது ஆளை எப்படி வெளியே கொண்டுவருவது என்று யோசித்துவிட்டுப் பிறகு மூட்டை கட்டுங்கள்.

சரி, வெயிலையும் மழையையும் சமாளித்துவிடலாம், பணம்தான் இருக்கிறதே என்பார்கள். அங்கேதான் பாதிப் பேருக்கு விவரம் தெரியவில்லை. உழைத்துக் கட்டிய ஓய்வூதியம் வேறு, குறைந்தபட்ச முதியோர் உதவி வேறு. முதலாவது நீங்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் பின்னால் வரும். இரண்டாவது வராது. நம்மவர்களில் நடு வயதில் போனவர்கள், இடையில் வேலை இழந்தவர்கள், வீடு கூட்டும் வேலையில் பாதி நாள் சம்பளத்துக்கு மட்டும் கணக்கு காட்டப்பட்ட பெண்கள், இவர்களுக்கெல்லாம் சொந்த ஓய்வூதியம் சொற்பம். மீதியை அந்த உதவிதான் நிரப்புகிறது. 2025 கணக்கில் தனி ஆளுக்கு எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 1,034 யூரோ வரை. அதை வாங்க வேண்டுமானால் வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்சிலேயே இருக்க வேண்டும். முன்பு ஆறு மாதம் போதும் என்றிருந்தது, 2023 செப்டம்பர் 1 முதல் ஒன்பதாக்கிவிட்டார்கள்.

இது அநியாயமான சட்டம் என்பதுதான் என் அபிப்பிராயம். பெரிய ஓய்வூதியக்காரர் போர்ச்சுகலிலோ மொராக்கோவிலோ வெயில் காயலாம். முப்பது வருடம் அடுத்தவர் அலுவலகத்தைத் துடைத்தவள் மட்டும் பனிக்குக் காவல் இருக்க வேண்டுமாம். ஆனாலும் சட்டம் அநியாயமாக இருக்கிறது என்பதற்காக அதை மறைத்து இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே இருப்பதாகக் கையெழுத்துப் போடுங்கள் என்று யோசனை சொல்லும் நம்மூர்ப் புத்திசாலிகளை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது. கணக்குப் பார்த்து வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்த கடிதத்தை எண்பது வயதுப் பெரியவருக்கு வாசித்துக் காட்டியவன் நான். யோசனை சொன்னவர் அன்று அந்தப் பக்கமே வரவில்லை.

வைத்தியமும் இப்படித்தான். பையில் இருக்கிற பச்சை அட்டை ஜிப்மர் வாசலில் ஒன்றுக்கும் உதவாது. குறைந்தது பதினைந்து வருடம் அங்கே பணம் கட்டிய ஓய்வூதியர், வெளிநாட்டில் குடியிருந்தாலும், பிரான்சுக்கு வந்து போகிற நாட்களில் அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஆகிற செலவு வேண்டுமானால், வெளிநாட்டு பிரஞ்சுக்காரர்களுக்கான காப்பீட்டு நிதியில் தனியாகச் சேர்ந்து, தனியாகச் சந்தா கட்ட வேண்டும். நெஞ்சு வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. இந்த முடிவை எடுப்பவர் எப்போதும் ஆண். முசே முடிவு செய்வார், மதாம் புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பாள். அவருக்கு இங்கே என்ன கிடைக்கிறது? காலையில் கடற்கரை, பழைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள், சாயங்காலம் பெத்தாங்க் ஆட்டம், பிரான்சிலிருந்து வந்தவர் என்கிற மரியாதை. அந்தம்மாளுக்கு என்ன கிடைக்கிறது? நாற்பது வருடத்துக்கு முன்னால் விட்டுப் போன நாத்தனாரும் ஓரகத்தியும். அங்கே தானே பேருந்து ஏறி, தானே டாக்டரிடம் போய், பேரப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தவள், இங்கே மருந்துக் கடைக்குப் போகவும் கொழுந்தன் மகன் வண்டியை எதிர்பார்த்து நிற்கிறாள். பேரப் பிள்ளைகள் திரையில் வந்து கையசைக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் போய்விட்டால்? கணவரின் ஓய்வூதியத்தில் விதவைக்கு உரிய பங்கு இங்கேயும் வரும், அது பிரச்னை இல்லை. அங்கே இருந்த ஜாகை போய்விட்டது, பிள்ளைகள் வீட்டில் இடம் இல்லை, இங்கே மேல் மாடி அறை. அப்படி இருக்கிற மூன்று பேருக்கு வருடா வருடம் உயிரோடிருப்பதற்கான சான்றிதழ் நிரப்பிக் கொடுக்கிறேன்.

என் சிநேகிதனிடமும் இதைத்தான் கேட்டேன். "தங்கச்சி என்ன சொல்லுது?" என்றேன். "அவளுக்கென்ன, நான் சொன்னா வருவா" என்றான். போனை அந்தம்மாளிடம் கொடுக்கச் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணே, சனவரியில வந்து மார்ச்சுல திரும்பறதுன்னா நான் இன்னைக்கே ரெடி" என்றது.

அதுதான் சரியான கணக்கு. சனவரியிலிருந்து மார்ச் வரை இந்த ஊரைப் போல ஒரு ஊர் கிடையாது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் உறைக்காது. குறைந்தபட்ச உதவி வாங்குகிறவர்கள்கூட மார்ச் முடியுமுன் விமானம் ஏறிவிட்டால், வருடத்தில் வேறெங்கும் வெளியே போகாதவரை, ஒன்பது மாதக் கணக்கு இடிக்காது. முழு ஓய்வூதியக்காரர்கள் இன்னும் சில வாரம் இருக்கலாம். அந்த ஊர் வாடகை வீட்டை மட்டும் விடாதீர்கள். விட்டால் எழுபத்தெட்டு வயதில் புது வீடு யாரும் தரமாட்டார்கள்.

இங்கே சொத்து வாங்க நினைத்தால் மனையோ வீடோ வாங்கலாம். இந்திய வம்சாவளி அட்டையான ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. மரக்காணம் பக்கம் தோப்போடு வீடு என்று காட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். தம்பி மகனுக்குப் பொதுப் பவர் எழுதிக் கொடுப்பதானால், விற்கும் உரிமையைச் சேர்க்காமல் எழுதுங்கள். பையன் நல்லவனாகவே இருக்கட்டும், அவனுக்கும் கடன்காரர்கள் இருப்பார்கள்.

அந்த அட்டை நம்மவர்களுக்குக் கிடைக்கும். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் உண்டு என்று சட்டத்திலேயே இருக்கிறது. வாக்குரிமை வராது, விசாத் தொல்லை போகும். பெயர்தான் இடிக்கும். நகராட்சிப் பிறப்புப் பதிவில் சுப்பராயன் என்று இருப்பவர் நாந்த்து நகரத்திலிருந்து வருகிற பதிவில் சூப்ராயேன் ஆகியிருப்பார், பாட்டன் பத்திரத்தில் இன்னொரு மாதிரி இருப்பார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர் ஒரே ஆள்தான் என்று நொத்தேரிடம் ஒரு சத்தியப் பத்திரம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை இலையுதிர் காலத்திலேயே அங்கிருந்தே அனுப்பிவிடுங்கள். பொங்கலுக்கு வந்து இறங்கிய பிறகு தொடங்கினால், மார்ச் வரை வெயில் காய்வதெல்லாம் அலுவலக வராந்தாவில்தான். காலை பத்தரைக்கு முன்னால் போகிறவர்களுக்கு நாற்காலி கிடைக்கும்.