“ஒரு குவார்ட்டர்தானே மச்சி?”

ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் காலேஜ் கேங்குல இந்த டயலாக் சகஜம். அந்த ‘தானே’வைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

குவார்ட்டர்னா 180 மி.லி. பாட்டில் லேபிளில் ஆல்கஹால் 42.8% என்று இருக்கும். அப்படின்னா உள்ளே இருப்பது சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். ஒரே நேரத்தில் 60 கிராமோ, அதற்கு மேலோ குடித்தால் அதை அளவு மீறிய குடி என்றுதான் உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுக்கிறது. ‘பிஞ்ச் டிரிங்கிங்’னா ஏதோ விடிய விடிய நடக்கிற பார்ட்டினு நினைச்சீங்களா? நம்ம ஊரில் அதற்கு ஒரு குவார்ட்டர் போதும்!

சரி, ஸ்டூடன்ட்ஸ் ஏன் இதை அரை மணி நேரத்துல காலி பண்றாங்க? ஆசையைவிட அவசரம்தான் காரணம்னு தோணுது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மது விற்கக் கூடாது. 17, 18 வயதில் காலேஜ் சேருகிறவர், டிகிரி படிக்கும் காலத்தில் பெரும்பகுதி அந்த வயதுக்குக் கீழேதான் இருப்பார். ஆக, சரக்கை வாங்கித் தர ஒரு சீனியர் வேணும். பாருக்குப் போனா அப்பாவோட ஃப்ரெண்டு உட்கார்ந்திருப்பார். மிச்சம் இருப்பது கடலோரக் கல்லு, யாரும் வராத மொட்டை மாடி. போலீஸ் ரோந்து வரும், ஒன்பது மணிக்குள்ள வீட்டுக்கும் போகணும். அதனால ‘ஒரே கல்ப்’, அப்புறம் வாய் நிறைய மிட்டாய்.

இன்னொண்ணு, அளவு. ஹார்பரிலும் லாரியிலும் உடம்பு நொந்து வர்ற அப்பா, மாமா கையில் சின்ன வயசுலேர்ந்து பார்த்தது குவார்ட்டர் பாட்டிலைத்தான். கட்டிங்கோட நிறுத்தினா கேங்குல கிண்டல். (இந்த நள்ளிரவுத் தேடலை வெச்சு 2010-ல் ஒரு படமே வந்தது. பேரு ‘வ’. கால் என்பதற்கான பழைய தமிழ் எண் அது!) இதையெல்லாம் வெச்சு ‘வட சென்னைப் பசங்கன்னாலே இப்படித்தான்’னு யாராவது சொன்னா, ஈ.சி.ஆர் ரிசார்ட்டுகளை எட்டிப் பார்க்கச் சொல்லுங்க. அங்கே அதுக்குப் பேரு வீக் எண்ட்.

கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் சமாளிக்கும். ஒரு குவார்ட்டர் முழுசா இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். மோரோ, எலுமிச்சையோ, பச்சைத் தண்ணிக் குளியலோ அதை வேகப்படுத்தாது. வெறும் வயித்துல வேகமா குடிச்சா, வண்டி ஓட்டுறவங்களுக்கான 30 மில்லிகிராம் வரம்பைப்போல ஐந்து மடங்குகூட ரத்தத்தில் ஏறலாம்.

ஒருத்தன் மட்டையானா, “தூங்கட்டும் விடு, வீட்டுக்குத் தெரிஞ்சா செத்தோம்”னு கிளம்புறதுதான் பெரிய ஆபத்து. அவன் தூங்கும்போதும் வயித்துல மிச்சமிருக்கிற சரக்கு ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும். மல்லாக்கப் படுத்திருந்தா வாந்தி மூச்சுக்குழாயை அடைச்சிடலாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தனியா விடாதீங்க. தட்டி எழுப்பியும் எழலையா, மூச்சு மெதுவாகுதா, உதடு நீலமாகுதா? உடனே 108. எவ்வளவு, எப்போ குடிச்சான்னு வர்றவங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க. அவங்க அப்பாவுக்கு அப்புறம் போன் பண்ணிக்கலாம்.