தூரம் மாறவில்லை, நேரம் மாறியது

உருண்டையான புவிப்பரப்பில் இரண்டு ஊர்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்பர். அவ்வழியே ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி ரஷ்யாவின் மேலாகச் செல்வதால், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துவந்த பயணம், உக்ரைன் போரை அடுத்து 2022 பிப்ரவரி இறுதியில் அவ்வான்வெளி ஃபின்லாந்து விமானங்களுக்கு மூடப்பட்டதும் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. தெற்கே மத்திய ஆசியாவைச் சுற்றாத விமானங்கள் வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்காவை ஒட்டிப் பசிபிக் பக்கம் இறங்குகின்றன. அந்தக் கடுங்குளிரில் இறக்கைகளுக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் விடாமல் கவனிக்க வேண்டும். ஜெட் ஏ-1 எனப்படும் எரிபொருளின் உறைநிலை வரம்பு -47 பாகை செல்சியஸ் என்பதால், அளவு அதை நெருங்கும்போது வெப்பம் சற்றுக் கூடுதலான காற்றடுக்கைத் தேடியோ வேகத்தைக் கூட்டியோ பறக்கின்றனர். 1983இல் சோவியத் வான்வெளியைத் தவிர்த்து இதே துருவ வழியில் டிசி-10 விமானம் டோக்கியோவுக்கு இடைநில்லாமல் பறந்தபோதும் ஏறக்குறைய இவ்வளவு நேரமே பிடித்தது. திறந்த வான்வெளியால் கிடைத்த நேர மிச்சத்தை ஒரு போர் பறித்துக்கொண்டது பெரிதும் வருந்தத்தக்கது. தன் வான்வெளி மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறைமை உண்டு என்பதை 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கை ஏற்றிருக்கிறது. ஆகவே தொலைவை வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொல்லும் அட்டவணைகள், எந்த நாடுகளின் வானம் திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.